வயதும் விலையும்

பொருளுக்கு வயது ஏற ஏற விலை இறங்கும் என்பது இல்லறம் நடத்துவோர் அனைவரும் அறிந்த கணக்கு. விதிவிலக்காக நிலத்தைச் சொல்லலாம், பொன்னைச் சொல்லலாம், நல்ல தேக்கில் இழைத்த ஊஞ்சற் பலகையைச் சொல்லலாம். மோட்டார் வண்டிக்கு அந்தச் சலுகையை எவரும் அளித்ததில்லை. விற்பனைக் கூடத்தின் வாயிலைத் தாண்டித் தெருவில் இறங்கிய அன்றே அதன் விலையில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. பத்தாண்டுகளில் பாதிக்கும் கீழே போகிறது. பின்னர் பழைய இரும்பின் எடைக்கு வந்து நிற்கிறது. தலைநகர் தில்லியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்து, கரோல்பாக்கின் ஒண்டுக் குடித்தனத்திலிருந்து மயூர் விஹாரின் அடுக்குமாடி வீடு வரை வந்து சேர்ந்த நாங்கள், இதற்கிடையே சில வண்டிகளை வாங்கியும் விற்றும் இருக்கிறோம். இக்கணக்கில் எங்களுக்கு ஐயம் எழுந்ததே இல்லை.

ஆனால், இக்கணக்கைத் தலைகீழாக்கிக் காட்டிய கார்கள் சில ஐரோப்பாவில் உண்டு. மன்னர்கள் ஏறிச் சென்ற ரோல்ஸ் ராய்ஸுக்கும், பந்தயத்தில் வென்ற ஃபெராரிக்கும் கோடிக்கணக்கில் விலை பேசப்படுவதில் வியப்பில்லை. அவை பிறந்த நாளிலேயே செல்வரின் உடைமைகள். இங்கே விலை ஏறியிருப்பதோ, எழுத்தரும் ஆசிரியரும் தொழிற்சாலைப் பணியாளரும் மாதத் தவணையில் வாங்கிய சிறிய கார்களுக்கு. 'ஹாட் ஹாட்ச்' என்பது ஆங்கிலேயர் அவற்றுக்கு இட்ட செல்லப்பெயர்.

ஹாட்ச்பேக் என்பது பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறு கார். நம் மாருதி 800 அவ்வகையைச் சேர்ந்ததே. அத்தகைய ஒரு வண்டியின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, ஆற்றல் மிகுந்த எஞ்சினைப் பொருத்தி, சுருள்வில்லை இறுக்கி, சக்கரத்தை அகலப்படுத்தி, முகப்பைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஒன்றை இழுத்துவிட்டால் அது ஹாட் ஹாட்ச் ஆகிவிடுகிறது. நம் மொழியில் சொல்வதானால், காரம் சேர்த்த கார்.

இவ்வகைக்குப் பெயரும் புகழும் தேடித் தந்தது வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 1975 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் காட்சியில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. 1976 கோடையில் விற்பனைக்கு வந்தது. அந்நிறுவனத்தின் பொறியாளர் சிலர், மேலிடத்து ஆணைக்குக் காத்திராமல், தம் ஆர்வத்தால் தொடங்கிய வேலை அது. ஐயாயிரம் வண்டிகள் விற்றால் போதும் என்று நிர்வாகம் எண்ணியது. முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன், எடையோ எண்ணூறு கிலோவைச் சற்றே தாண்டும். குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்னும் பெண் வடிவமைப்பாளர் இருக்கைகளுக்கு ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணியையும், கியர்த் தண்டின் தலைக்குக் கோல்ஃப் பந்தையும் தேர்ந்தெடுத்தார்.

1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வந்த வண்டி என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அதுவரை விரைந்தோடும் கார் என்பது இரண்டாவது காராகவே இருந்தது. இரண்டு பேர் மட்டும் அமரலாம், பெட்டி வைக்க இடம் இராது, பெட்ரோலை விழுங்கும். புதிய வண்டியோ வார நாளில் அலுவலகம் போயிற்று. மாலையில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தது. பின்னிருக்கையை மடக்கினால் ஒரு கட்டிலையே ஏற்றிக்கொண்டது. ஞாயிறன்று மலைப்பாதையில், தன்னைவிட இருமடங்கு விலையுள்ள வண்டியையும் பின்தள்ளியது. ஒரு சம்பளத்தில் ஒரே வண்டி வைத்துக் குடும்பம் நடத்துவோனுக்கு, அதுவரை எட்டாதிருந்த ஓர் இன்பம் எட்டியது.

இவ்வகையின் அழகு முழுமை பெற்றது 1984-இல் வந்த பெஜோ 205 ஜி.டி.ஐ.யில் என்று பலர் கூறுவர். முதலில் 1.6 லிட்டர், 105 குதிரைத்திறன். பிறகு 1986-இன் இறுதியில் 1.9 லிட்டர், 130 குதிரைத்திறன். எடையோ தொள்ளாயிரம் கிலோ அளவே. வளைவில் விரைந்து திரும்பும்போது அஞ்சி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பகுதி வெளிப்புறமாகச் சுழன்று விலகும். அறிந்தவனுக்கு அது ஆட்டம். அறியாதவனுக்கு வேலியும் பள்ளமும். இவ்வண்டிகளில் பல அப்படியே முடிந்தன.

இந்த வரலாறு எங்கள் வீட்டுக்குள் வந்தது எங்கள் மகன் வழியாக. 2002-இல் நாங்கள் ஒரு ஃபியட் பாலியோ 1.6 வாங்கினோம். சச்சின் டெண்டுல்கர் விளம்பரங்களில் தோன்றிய கார். நூறு குதிரைத்திறனும், பெட்ரோல் பசியும் அதற்கு உண்டு. அப்போது கல்லூரியில் இருந்த மகன் அதில்தான் ஓட்டக் கற்றான். 2004-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்று, பர்மிங்காம் அருகே வேலையில் அமர்ந்தான். 2006-இல், 1987-ஆம் ஆண்டுச் சிவப்பு நிற 205 ஜி.டி.ஐ. ஒன்றைத் தொள்ளாயிரம் பவுண்டுக்கு வாங்கியதாக எழுதினான். பத்தொன்பது வயது வண்டி. அவனைவிட ஐந்தே வயது இளையது.

அவ்வளவு மலிவாக அது கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. 1980-களின் இறுதியிலேயே இக்கார்களைத் திருடி ஓட்டுவது பிரிட்டிஷ் நகரங்களில் இளைஞர் சிலரின் விளையாட்டாகிவிட்டது. பூட்டுகள் எளியவை, வேகம் மிகுதி. 1991-இல் ஆக்ஸ்போர்டின் பிளாக்பேர்ட் லேஸ் குடியிருப்பில், திருடிய கார்களைக் கூட்டத்தின் முன் சுழற்றிக் காட்டும் வழக்கம் காவலரோடு கலவரத்தில் போய் முடிந்தது. இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றின. வண்டியின் விலையைவிட ஓராண்டுக் காப்பீடு மிகுந்து நின்ற நிலையில், அதை விரும்பிய இளைஞரால் அதை வைத்திருக்க இயலாமற் போயிற்று. புதிய கார்களும் எடை கூடி மந்தமாயின. பழையவை மூன்றாம் கை, நான்காம் கை என மாறி, துருப்பிடித்து, எஞ்சின் மட்டும் கழற்றப்பட்டு வேறு வண்டியில் ஏறின.

எஞ்சியவற்றுக்கும் 2009-இல் ஒரு கண்டம் வந்தது. பொருளாதாரச் சரிவிலிருந்து கார்த் தொழிலைக் காக்க, பழைய காரை உடைக்கக் கொடுத்துப் புதியது வாங்குவோர்க்கு அரசுகள் சலுகை அறிவித்தன. ஜெர்மனியில் ஒன்பது ஆண்டு கடந்த காருக்கு 2,500 யூரோ. ஏறத்தாழ இருபது லட்சம் கார்கள் இப்படிப் போயின. பிரிட்டனில் பத்தாண்டு கடந்த காருக்கு 2,000 பவுண்டு. தொள்ளாயிரம் பவுண்டு பெறும் வண்டி, உயிரோடு இருப்பதைவிட உடைந்து போவதே இலாபம் என்ற நிலை. எங்கள் மகனுடைய நண்பர்கள் பலரும் அவனுக்கு அதையே அறிவுரையாகச் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. அந்த ஆண்டுதான் அவ்வண்டியின் பின் அச்சுத் தாங்கிகள் தேய்ந்து, சக்கரங்கள் உட்புறமாகச் சாய்ந்திருந்தன. 205-க்கே உரிய நோய் அது. இரண்டு விடுமுறை நாள்களை வாடகைப் பட்டறை ஒன்றில் கழித்து அதைச் சரிசெய்தான்.

அதன் பிறகே காற்று திரும்பியது. ஏன் திரும்பியது என்பதை ஆராய்ந்தால் பல நூல்கள் ஒன்றாய் முறுக்கேறியிருப்பது தெரியும்.

முதலாவது, அருமை. லட்சக்கணக்கில் இருந்தவை ஆயிரக்கணக்கில் சுருங்கின. இது நமக்குப் புதிதன்று. 1960-களிலும் 70-களிலும் எவர்சில்வர் வந்தபோது நம் வீடுகளில் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். பாட்டி சீராகக் கொண்டுவந்த பித்தளைத் தவலையும் அண்டாவும் எடைக்குப் போடப்பட்டு, பளபளக்கும் தட்டுகளாயின. இன்று அதே தவலை தில்லி சுந்தர் நகர்க் கடையில் பழம்பொருளாகக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. எல்லாரும் வைத்திருந்தபோது அதற்கு விலையில்லை; எல்லாரும் போட்ட பிறகு விலை வந்தது.

இரண்டாவது, வயது. வண்டியின் வயதன்று, மனிதரின் வயது. 1987-இல் பதினெட்டு வயதில் இக்காரின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவன் இன்று ஐம்பதைத் தாண்டியவன். வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். அன்று எட்டாததை இன்று வாங்குகிறான். அவன் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்குதான் இரும்புக்கு. மீதி, அந்தச் சுவருக்கு.

மூன்றாவது, பணத்தின் போக்கு. 2009-இல் இங்கிலாந்து வங்கி தன் வட்டி விகிதத்தை அரை சதவீதமாகத் தாழ்த்தியது; வங்கியில் போட்ட பணம் வளரவில்லை. பிரிட்டிஷ் வரிச்சட்டத்தில் காரை விற்றுப் பெறும் இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. காரைத் தேயும் பொருள் என்று சட்டம் கருதுவதே காரணம். தேயும் என்று சட்டம் நினைத்தது வளரத் தொடங்கியதும், காரைப் பற்றி ஒன்றும் அறியாதவரும் வாங்க வந்தனர்.

நான்காவது, சட்டத்தின் கண். ஜெர்மனியில் முப்பது ஆண்டு நிறைந்து நல்ல நிலையில் உள்ள காருக்குத் தனி எண்பலகை கிடைக்கிறது. அமெரிக்காவில் இருபத்தைந்து ஆண்டு கடந்த அயல்நாட்டுக் காரைத் தடையின்றி இறக்குமதி செய்யலாம்; 1987 முதல் 1992 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து உலக ராலிப் பட்டத்தை வென்ற லான்சியா டெல்ட்டா கார்கள் பல இவ்வழியாகக் கடல் கடந்தன. பிரிட்டனில் நாற்பது ஆண்டு ஆனால் சாலை வரி இல்லை. 2018 முதல் பெரிய மாற்றம் செய்யப்படாதவற்றுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனையும் இல்லை. 2021-இல் பர்மிங்காம் நகர மையத்தில் தூய காற்று மண்டலம் வந்தபோது, எங்கள் மகனின் முப்பத்து நான்கு வயது வண்டி அங்கே நுழைய நாளுக்கு எட்டுப் பவுண்டு கட்டவேண்டியிருந்தது. இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருந்தால் அதே வண்டி, அதே புகையோடு, இலவசமாக நுழையும்! முதுமைக்கும் தொன்மைக்கும் நடுவே சட்டம் ஒரு கோடு கிழிக்கிறது. கோட்டின் இப்புறம் தண்டனை, அப்புறம் மரியாதை.

2022 ஆகஸ்டில், இளவரசி டயானா ஓட்டிய 1985-ஆம் ஆண்டுக் கறுப்பு ஃபோர்ட் எஸ்கார்ட் ஆர்.எஸ். டர்போ ஏலத்தில் ஆறரை லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. அது வண்டிக்கு வந்த விலையன்று, நினைவுக்கு வந்த விலை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஓட்டியவர் பெயர் ஊரறியாத சாதாரண வண்டிகளும், ஒரு காலத்தில் ஆயிரம் பவுண்டுக்கு மலிந்து கிடந்தவை, நல்ல நிலையில் இருந்தால் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று கேட்கப்படுகின்றன. 2023-இல் ஃபோர்ட் நிறுவனம் ஃபியஸ்டாவின் உற்பத்தியையே நிறுத்தியபோது, சிறிய, விரைந்த, மலிந்த கார் என்ற எண்ணமே விடைபெறுவதுபோல் பலருக்குத் தோன்றியது.

இவ்விலையேற்றத்தால் நன்மை இல்லை என்று சொல்வது முறையாகாது. வண்டி தொள்ளாயிரம் பவுண்டு பெறும் காலத்தில் அதன் துருவை வெட்டித் தகடு ஒட்ட இரண்டாயிரம் செலவழிப்பவன் பித்தன். பதினைந்தாயிரம் பெறும் காலத்தில் அதுவே விவேகம். கிடைக்காமற்போன உதிரிப்பாகங்களை மீண்டும் வார்த்தெடுப்பதும் அதனால்தான் நடக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, முதல் வானொலிப் பெட்டி முதல் பழுதுபார்த்த ரசீது வரை பேணி வைத்த சிக்கனக்காரர் வண்டிக்கே இன்று உயர்ந்த விலை. நம் வீடுகளில் மின்கட்டண ரசீதைக் கம்பியில் குத்தி வைக்கும் பெரியவர்களுக்கு இச்செய்தி ஆறுதல் தரும்.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் மகன் தொலைபேசியில் அழைத்தான்.

"அப்பா, அம்மா, ரெண்டு பேரும் கேளுங்க. ஒருத்தர் பதினாறாயிரம் பவுண்டு தரேங்கறார். வீட்டுக்கு முன்பணம் கட்ட அது போதும். என்ன செய்யட்டும்?"

எங்களுள் ஒருவர், பதினாறு ஆண்டு உழைத்த பொருள், விற்கக்கூடாது என்றார். மற்றவர், பேத்திக்கு ஒரு தனி அறை வேண்டும், இரும்பைக் கட்டிக்கொண்டு வாடகை வீட்டில் இருப்பது அறிவுடைமையா என்றார். யார் எதைச் சொன்னார் என்பதை எங்கள் நண்பர்கள் ஊகித்துக்கொள்வார்கள். இரண்டு நாள் பேசி, விற்பது என்று முடிவாயிற்று. வீடு வந்தது. பேத்தியின் அறைச் சன்னலில் இப்போது வானவில் ஒட்டியிருக்கிறாள். அதில் எங்களுக்கு முழு மகிழ்ச்சி.

ஆனால் பிரிட்டனில் ஒரு வசதி உண்டு. வண்டியின் பதிவெண்ணைக் கொண்டு அதன் தகுதிச் சோதனை வரலாற்றை யாரும் பார்க்கலாம். ஒவ்வொரு சோதனையின்போதும் ஓடியிருந்த தொலைவும் அதில் இருக்கும். ஓராண்டு கழித்து மகன் பார்த்தான். முந்திய சோதனைக்கும் அந்தச் சோதனைக்கும் இடையே அவ்வண்டி ஓடியிருந்தது பதினொரு மைல். சோதனைக் கூடத்துக்குப் போய் வந்த தொலைவு அவ்வளவே இருக்கும். அவனிடம் இருந்தபோது ஆண்டுக்கு ஆறாயிரம் மைல் ஓடிய வண்டி, மழையில் காய்கறி வாங்கப் போன வண்டி, அவன் மகளை மருத்துவமனையிலிருந்து முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டு வந்த வண்டி, இப்போது விரிப்புக்கு அடியில் விலை முதிர்ந்துகொண்டிருக்கிறது. யாருக்கும் எட்டவேண்டும் என்பதற்காகப் பிறந்த பொருள், எட்டாத பொருளாகி, வைத்திருப்பவனே தொட அஞ்சும் பொருளாகவும் ஆகிவிட்டது. திருடர் பிடுங்கியதையும் துரு தின்றதையும் போல, விலையும் சாலையிலிருந்து அவ்வண்டிகளை எடுத்துக்கொண்டுதான் போகிறது. மரியாதையோடு எடுத்துப் போகிறது என்பது ஒன்றே வேறுபாடு.

நம் தலைநகரில் நிலைமை வேறு. பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் ஓடக்கூடாது என்ற விதியை 2014, 2015-ஆம் ஆண்டுகளில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வகுத்தது. 2018-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. வயதையே அளவுகோலாக்குவது சரியா என்ற வாதம் 2025-இல் மீண்டும் எழுந்தது. தொன்மை வண்டிகளுக்கென மைய அரசு 2021-இல் வகுத்த விதியோ ஐம்பது ஆண்டு நிறைந்தவற்றுக்கே பொருந்தும். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே உள்ள முப்பத்தைந்து ஆண்டுகளை ஒரு வண்டி தில்லியில் எங்கே கழிக்கும்? கார்த்திகை மாதத்தில் இந்நகரின் காற்றைச் சுவாசித்தவர்கள் அவ்விதியைக் கொடிது என்று சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டிலும் இருமல் மருந்து உண்டு. ஆனாலும் இவ்வூரில் எந்தச் சிறு காரும் முதியதாகலாமேயன்றித் தொன்மையாக வழியில்லை என்பது உண்மை.

எங்கள் பாலியோவுக்குப் பதினைந்து நிறையும் முன்பே, 2016-இல் தடையில்லாச் சான்று பெற்றுச் சேலத்துக்கு அனுப்பினோம். எங்கள் சிற்றப்பா மகனின் மகன் அங்கே அதை மறுபதிவு செய்து ஓட்டி வருகிறான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்கிறான். ஃபியட் பெயரில் கார் விற்பனை 2019-இல் நம் நாட்டில் நின்றுவிட்டதால் உதிரிப்பாகத்துக்குக் கோவை வரை அலைகிறான். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அரிசி மூட்டையும், ஏற்காட்டிலிருந்து பலாப்பழமும் அதில்தான் வருகின்றன.

சென்ற பொங்கலுக்கு அவன் பேசியபோது ஒரு புதுச்செய்தி சொன்னான். பெங்களூரிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்களாம். நாங்கள் அதை அனுப்பியபோது இருந்த மதிப்பைப்போல் மூன்று மடங்கு தருவதாகச் சொன்னார்களாம். "பெரியப்பா, பெரியம்மா, கொடுத்துடட்டுமா? உங்க வண்டி, நீங்கதான் சொல்லணும்" என்றான்.

இம்முறை நாங்கள் இருவரும் ஒன்றையே சொன்னோம். வண்டி உன்னுடையது, விற்பதும் வைத்திருப்பதும் உன் விருப்பம். விற்பதானால், வாங்குகிறவன் அதைப் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு போகிறானா, லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறானா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள். ஓட்டிக்கொண்டு போகிறவனுக்கு, கொஞ்சம் குறைத்தே கொடு.